நான் வாங்காத கம்ப்யூட்டரைக் கேட்ட அம்மா

உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடையில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். புடவைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. நடவிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், கணுக்காலில் சேறு காய்ந்திருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஒவ்வொரு பெட்டியின் மீதும் புறங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல.

“இத்த ஏன் வித்தாங்க? எதனா நோவா?” என்று கடைக்காரரைக் கேட்டார்.

“நோவெல்லாம் இல்லம்மா. புது மாடல் வாங்கிக்கினாங்க, இத்தத் தள்ளிட்டாங்க. நல்லாத்தான் கீது.”

கொஞ்சம் யோசித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீ இன்னா வாங்கப் போற நைனா?”

“அதாம்மா கொயப்பமா கீது. புதுசு ஒண்ணு வருதாம். வந்ததும் அதையே வாங்கிடலாமான்னு பாக்குறேன்.”

“வாங்கிட்டு எப்போ விப்ப?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“எம் பொண்ணு இப்ப ஆறாவது. அவ பத்தாவது வர்றதுக்குள்ள வித்தா எனக்குக் குடு. நீ பதனமா வெச்சிருப்ப, பாத்தாலே தெரியுது.”

நான் இன்னும் எதையும் வாங்கவில்லை. புது மாடல் வருகிறது என்று கேள்விப்பட்டால் இப்போதெல்லாம் விலையை விசாரிப்பதில்லை. அந்தப் பெண் எத்தனையாவது படிக்கிறாளோ என்றுதான் யோசிக்கிறேன்.