எல்லைக்குள் நைட் ஷிப்ட்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யாராவது தன் ஊரைப் பற்றிப் பேசினால், அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கேட்டே தீருவேன். நெய்வேலி குவார்ட்டர்ஸில் பிறந்தவனுக்கு வேறு எப்படி இருக்கும்? அப்பா தென்காசிப் பக்கம், பக்கத்து வீட்டுக்காரர் தர்மபுரி. எங்கள் பிளாக்குக்கு நம்பர் உண்டு, எல்லைச் சாமி கிடையாது.

திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கத்தில் ஷிப்ட் போடுகிற சூப்பர்வைசர் நான். குழிக்குள் வெட்டிய மண்ணைச் சுமந்தோடும் பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளுகிற கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவர், சித்திரை மாத மதியம் ஒன்றில் வந்து தலையைச் சொறிந்தார்.

"சார், அடுத்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட் வேணாம் சார். ஊர்ல காப்பு கட்டுறாங்க. கட்டிட்டா பத்து நாளைக்கு எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது."

கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து இப்போதுதான் அவர் மனைவி ஆறு மாதம். அம்மனுக்கு நேர்ந்துகொண்டு தரித்த பிள்ளை. காப்பை மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடே இறங்கவில்லையாம். கான்ட்ராக்டரோ, வராவிட்டால் கேட் பாஸை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். மாற்றிப் போட ஆளும் இல்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா?

"உங்க ஊரைத்தான் சுரங்கத்துக்கு எடுத்தாச்சே. எந்த எல்லையைச் சொல்றீங்க?"

"இப்ப இருக்கிற காலனிதான் சார். அதைச் சுத்தித்தான் எலுமிச்சம்பழம் வெட்டுவாங்க."

"பழைய ஊர் எங்க இருந்துச்சு?"

அவர் குழியைக் கை காட்டினார். "உள்ளதான் எங்கியோ சார். எனக்கு வெவரம் தெரியாத வயசு."

அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சர்வே பார்க்கிற நண்பனை நச்சரித்து, பழைய கிராம வரைபடத்தைச் சுரங்க வரைபடத்தோடு பொருத்திப் பார்த்தேன். அம்மன் கோயில் இருந்த இடத்துக்கும் அவர் மண் அள்ளும் பெல்ட்டுக்கும் ஒரு கூப்பிடு தூரம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கம்மாபுரத்துப் பக்கம் இருந்த அவர்கள் காலனிக்குப் பறந்தேன்.

கோயில் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தொழிலாளியும் அங்கே நின்றிருந்தார். வரைபடத்தைப் பூசாரி முன்னால் விரித்தேன்.

"இவர் வேலை பார்க்கிற இடம்தாங்க உங்க பழைய ஊர். நைட் ஷிப்டுக்குப் போனாலும் எல்லைக்குள்ளதான் இருப்பார்."

பூசாரி விரலை வைத்துத் தேடினார். "ஆமா, ஏரி இருக்குது, தோப்பு இருக்குது. சரிதான், அவன் போவட்டும்."

தொழிலாளி ஓடி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். எனக்கு ஒரே பெருமை. அப்போது பூக்கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நாங்க? அவரு ஊருக்குள்ள இருப்பாரு. நாங்கல்லாம் இத்தினி வருஷமா எல்லைக்கு வெளியதான் படுத்துகினு இருக்கோமா சார்?"

பந்தல்காரர்கூடக் கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. அட மடையா, இவ்வளவு தூரம் யோசித்தாயே, இதை யோசித்தாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினேன்.

அவர் மஞ்சள் காப்போடு நைட் ஷிப்டுக்கு வந்தார். முதல் நாள் ஷிப்ட் முடிந்த காலையில், பெல்ட்டுக்கு அடியிலிருந்து மண்ணை அள்ளித் தன் டிபன் டப்பாவில் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"வூட்டைச் சுத்திப் போடப் போறேன் சார். ஊர் மண்ணு இருந்தா அவ நிம்மதியாத் தூங்குவா."

அது பாதாளத்திலிருந்து வருகிற மண். அவர்கள் உழுத மண்ணை, வீடு கட்டியிருந்த மண்ணை, என்றைக்கோ வெட்டியெடுத்து மலைபோல் வேறெங்கோ குவித்தாயிற்று. அது எந்த மேடு என்றுகூட எனக்குத் தெரியும்.

"வாசல்ல கொஞ்சம் தாராளமாப் போடுங்க" என்றேன்.