அம்மாவோடு சண்டை போட்டவள்

என் மனைவி மீது எனக்குப் பொறாமை. இதை நாசூக்காகச் சொல்ல வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அவள் சமையலைப் பார்த்தோ, செகந்திராபாத்தில் எங்கள் சைனிக்புரி முழுக்க அவளுக்கு இருக்கும் சிநேகிதிகளைப் பார்த்தோ வந்த பொறாமை இல்லை. என் அம்மா பேசிய தூத்துக்குடிப் பேச்சு எனக்கு வராமல் இவளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதே, அந்த வயிற்றெரிச்சல்தான்.

நான் தூத்துக்குடியில் பிறந்தவன். அவள் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அவள் தாத்தா காலத்திலேயே குடும்பம் வேலூர்ப் பக்கமிருந்து இங்கே வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் அவள் பேசியதைத் தமிழ் என்று வெளியே சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்றால் நக்கோ, ஏன் என்றால் கைக்கு, ஆமாம் என்றால் ஹவ். சமையலறைச் சாமான்களில் பாதிக்குத் தெலுங்குப் பெயர். "ஊருக்குப் போனா நீ வாயைத் திறக்காதே தாயே" என்று கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். எனக்கென்ன அப்போது, நான் துறைமுகத்து ஊர்க்காரன் அல்லவா!

அம்மாவின் அப்பா தோணியில் தண்டல், அதாவது மாலுமிகளுக்குத் தலைவர். கொழும்புக்கும் கொச்சிக்கும் போய்வந்தவர். ரொட்டியை அம்மா கடைசிவரை பாண் என்றுதான் சொன்னாள். போர்த்துகீசியர் கொழும்பில் விட்டுப்போன அந்தச் சொல் தாத்தாவோடு தோணியேறி எங்கள் வீட்டுக்கு வந்தது. இடப்பக்கம் கிறிஸ்தவர் வீடு, வலப்பக்கம் காயல்பட்டினத்து முஸ்லிம் வீடு. எங்கள் பூசை அறையில் இருந்தது முருகன் படம். ஆனால் பால் பொங்கி வழிந்தால் அம்மா வாயில் "எஞ் சேசுவே!" என்றுதான் வரும். யாராவது இறந்த செய்தி வந்தால் "அல்லாவே!" முருகன் ஒருநாளும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்பா போன பிறகு அம்மாவை ஹைதராபாத்துக்கு அழைத்துவந்தேன். பன்னிரண்டு வருஷம் எங்களோடு இருந்தாள். நான் காலையில் சனத்நகர் தொழிற்சாலைக்குப் பஸ் ஏறினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு திரும்புவேன். அதுவரை மாமியாரும் மருமகளும் சண்டை போடுவார்கள். சண்டை என்றால் சாதாரணச் சண்டை இல்லை, தெருமுனைக்குக் கேட்கும்.

"ஏளா கோட்டிக்காரி, மீனு வாங்கச் சொன்னா என்னத்தளா வாங்கியாந்திருக்க? கடலே இல்லாத ஊருல கொண்டாந்து போட்டுட்டானே எம் மவன்!"

"டாங்க் பண்ட் ஏரி இருக்கில்ல அத்தை, நீங்களே போய்ப் பிடிச்சிட்டு வாங்க!"

நான் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் கப்சிப். அம்மா என்னைப் பார்த்து "சாப்பிட்டியாய்யா?" என்பாள். நான் "ம்" என்பேன். அதோடு சரி. எனக்குள் அப்போதே லேசாகக் கடுகடுப்பு. எனக்கு மட்டும் மரியாதை மிச்சம், பேச்செல்லாம் அவளுக்கா?

அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. நான் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், அம்மாவின் பேச்சு இன்னும் சமையலறையில் கேட்டுக்கொண்டிருந்தது. பூனை தட்டை உருட்டினால் "எடுபட்ட மூதி!" பால் பொங்கினால் "எஞ் சேசுவே!" அதே இழுப்பு, அதே இடத்தில் மூச்சு. முதல்நாள் நிஜமாகவே பேப்பரைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினேன். அங்கே இவள் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா எனக்குத்தானே அம்மா, இவள் வாயில் எப்படி வந்து உட்கார்ந்தாள் என்று எரிச்சலாக வந்தது. அதற்காக அந்தக் குரலைக் கேட்காமலும் இருக்க முடியவில்லை. தினமும் பால் காய்ச்சும் நேரத்துக்குச் சமையலறைப் பக்கத்து நாற்காலிக்கு இடம் மாறி உட்கார்ந்தேன்.

போன ஆடி மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி வந்தாள். சென்னைப் பெண், இங்கே படிக்கிறாள். துறைமுக ஊர்க்காரர்களின் பேச்சைப் பதிவு செய்கிறாளாம். தெரிந்தவர் ஒருவர் என் பெயரைக் கொடுத்திருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வாரமாக நோட்டில் சொற்களை எழுதிவைத்தேன். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன், குரலைத்தானே பதிவு செய்யப்போகிறாள் என்று அப்போது தோன்றவில்லை.

அவள் போனை மேஜைமேல் வைத்து, "பேசுங்க சார்" என்றாள்.

"தூத்துக்குடி மாநகரமானது, பன்மொழி பேசும் பல்வேறு இன மக்கள் காலங்காலமாக வாழ்ந்து வருகின்ற..." என்று ஆரம்பித்தேன்.

"வீட்டுல பேசுற மாதிரி பேசுங்க சார்."

"அப்படித்தானேம்மா பேசுகிறேன்!"

சத்தியமாக அதற்குமேல் எனக்கு வரவில்லை. நாற்பது வருஷம் தொழிற்சாலையில் தெலுங்கும் இந்தியும் இங்கிலீஷும் பேசியே காலம் தள்ளியவன். மிச்சமிருந்த தமிழ் செய்தி வாசிக்கிறவர் தமிழாக ஆகியிருந்தது. அந்தப் பெண் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அப்போது பார்த்து உள்ளே பூனை எதையோ தள்ளிவிட்டது.

"ஆக்கங்கெட்ட கூவ! ஒனக்கு இங்கன என்ன சோலி? பைய எறங்கிப் போறியா, இல்ல அகப்பையால ரெண்டு போடவா?"

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேனே, அதுதான் தாங்கவில்லை. "ஒரு நிமிஷம் சார்" என்று போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். ஒரு நிமிஷம் இரண்டு மணி நேரமாயிற்று. என் மனைவி பழைய சண்டைகளை இரண்டு குரலிலும் நடத்திக் காட்டினாள். உள்ளே ஒரே சிரிப்பு. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நான் தோட்டத்துக்குப் போய்க் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையில்தான் நல்ல மழை பெய்திருந்தது.

கடைசியாக இரண்டு பேரும் கூடத்துக்கு வந்தார்கள். போனில் பதிவு ஓடிக்கொண்டிருக்க, ஒரு படிவத்தை எடுத்துவைத்து அந்தப் பெண், "அம்மா, தூத்துக்குடியில எந்தத் தெரு?" என்று கேட்டாள். என் மனைவி பதில் சொல்ல வாயெடுத்தாள். வாசலில் நின்ற நான் முந்திக்கொண்டேன்.

"அவளுக்கு ஊர் தூத்துக்குடியே இல்லை. செகந்திராபாத். எங்கள் அம்மாவைப் பார்த்து மிமிக்ரி பண்ணுகிறாள்."

சொல்லும்போதே இனித்தது. அதை ஒளிக்க மாட்டேன்.

"ஐயோ, அந்த ஊர்ல பிறந்தவங்களா இருக்கணுமே" என்று தயங்கியபடி அந்தப் பெண் படிவத்தை மடித்து வைத்தாள். என் மனைவி காபி தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாளிலிருந்து வீட்டில் அம்மா இல்லை.

"டிபன் ரெடி." "காபி வேணுமா, நக்கோவா?" பூனை தட்டை உருட்டினால் கைதட்டி விரட்டுவாள், அவ்வளவுதான். பத்து நாள் பொறுத்தேன். பதினோராம் நாள் ஒரு காரியம் செய்தேன், வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அவள் துணி உலர்த்தப் போன நேரத்தில் பால் அடுப்பைக் கூட்டிவைத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். பால் பொங்கி மேடை முழுக்க ஓடியது. அவள் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன்.

"கைக்கு இப்படிப் பண்றீங்க?" என்றாள். துணியை எடுத்துத் துடைத்தாள்.

அன்று சாயங்காலம் அந்த மாணவிக்குப் போன் செய்தேன். பதிவை அழித்துவிட்டாயா என்றுதான் எடுத்தவுடன் கேட்டேன்.

"அழிக்கல சார். ஆனா அது மேடத்தோட குரல். அவங்க சரின்னு சொன்னாத்தான் உங்களுக்கு அனுப்ப முடியும்."

என் அம்மாவின் பேச்சைக் கேட்க நான் என் மனைவியிடம் அனுமதி கேட்க வேண்டும்! கேட்டேன். அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், "ஹவ், அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் பதிவு வந்தது. பின்கட்டில் உட்கார்ந்து இயர்போனைக் காதில் மாட்டிக் கேட்டேன். மீன் சண்டை, பாண் சண்டை, பூனையை வீட்டுக்குள் விட்டதற்கு ஒரு சண்டை. சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். ஒன்றரை மணி நேரம் தாண்டிய இடத்தில், நான் ஈரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, மாணவி கேட்கிறாள்: "இவ்வளவு சண்டை போட்டும் எப்படிம்மா கூடவே இருந்தீங்க?"

என் மனைவி அகப்பையைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு அம்மா ஒருநாள் சொன்னதை அம்மா குரலிலேயே சொல்கிறாள்.

"ஏளா, அவன் ஒருநாளாவது எங்கிட்ட வந்து உக்காந்து பேசுதானா? நீயாவது சண்டைக்கு வாரியே."

நிறுத்தவில்லை. கடைசிவரை ஓடவிட்டேன். பதிவின் முடிவில் என் குரலும் இருந்தது. மிமிக்ரி பண்ணுகிறாள் என்று தெளிவாக, ஒரு பிழையில்லாமல்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். ஒரு ஸ்டூலை இழுத்து, காய் நறுக்கிக்கொண்டிருந்த அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்ன, இங்கன என்ன சோலி?"

"சண்டைக்கு வந்தேன்" என்றேன்.