ஆட்டுக்கு ஒரு கணக்கு, குதிரைக்கு ஒரு கணக்கு

போன மழைக்காலத்தில் ஒரு நாள் நடந்தது, பிள்ளைகளே. எங்கள் வீடு திருநீர்மலைப் பக்கம். என் மகள் வளர்க்கும் ஆடு, பக்கத்து மனையின் தகர வேலியைத் தாண்டப்போய்த் தொடை கிழிந்து நின்றது. மகளையும் ஆட்டையும் ஆட்டோவில் ஏற்றினேன்.

"சீட்டு பாழாவாம பாத்துக்கண்ணே" என்ற ஆட்டோக்காரர், ரத்தத்தைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டு வேகமாக ஓட்டினார்.

போன இடம், மாணவர்கள் பயிற்சிக்கு வரும் ஒரு கால்நடை மருத்துவமனை. அவர்களுக்கு மருந்துப் பாடம் நடத்தும் மேடமும் அன்று உடன் இருந்தார். தையல் போடுவதற்கு முன்னால் மயக்க ஊசி போட வேண்டும் என்றார்கள். ஒரு மாணவர் ஆட்டை எடை பார்த்து, மருந்தை ஊசியில் ஏற்றினார்.

அங்கே ஒரு வழக்கம். குத்துவதற்கு முன் மிருகம், எடை, மருந்தின் அளவு மூன்றையும் உரக்கச் சொல்லியாக வேண்டும். அவரும் சொன்னார். மேடம் சட்டென்று அவர் கையைப் பிடித்தார்.

"இது எந்த மிருகத்தோட கணக்கு?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "குதிரை, மேடம். காலையில குதிரை கேஸ் பாத்துட்டு அப்படியே..."

"அதே கணக்குல ஆட்டுக்குப் போட்டா?"

"மூச்சு நின்னுடும், மேடம். அதே எடைக்கு ஆட்டுக்கு இதுல பத்துல ஒரு பங்கே போதும்."

"கடிவாளமும் போட்டுடு மச்சான்" என்று பின்னால் இன்னொரு மாணவர் முணுமுணுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

எனக்கோ ஆட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லையே, எங்கே ஓடுவது?

ஊசி மருந்தைக் கொட்டச் சொன்னார் மேடம். எல்லா மாணவர்களும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே விடை வந்த பிறகு, ஊசியை அதே மாணவரிடம் கொடுத்தார்.

"வேற யாராச்சும் போடட்டுமே மேடம்" என்று கெஞ்சினேன்.

"பயப்படுங்க சார், தப்பில்ல. நானும் பயந்துகிட்டுதான் நிக்கிறேன். ஆனா இங்க இருக்கறவங்கள்ல இப்ப ரொம்ப ஜாக்கிரதையா போடப்போறது இவர்தான்."

ஊசி இறங்கியது. ஆட்டின் கண்கள் செருகின. தையல் முடியும்வரை என் மகள் அதன் வயிற்றில் கையை வைத்து, "ஏறுதுப்பா... இறங்குதுப்பா..." என்று மூச்சைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் கொஞ்சம் நிறுத்தினாலும் என் மூச்சு நின்றது.

வெகுநேரம் கழித்து ஆடு தலையைத் தூக்கியது. அந்த மாணவர் சுவரோரம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது வீட்டில் காய்ச்சல் மருந்து ஊற்றும்போதெல்லாம், யாருக்கு, எவ்வளவு என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். "நான் ஆடு இல்லப்பா" என்று மகள் கிண்டல் செய்கிறாள். செய்யட்டும், அன்று எங்கள் ஆட்டைக் காப்பாற்றியது, வாய்விட்டுச் சொன்ன அந்த ஒரு கணக்குதான்.