கிணறு மூச்சு விட்ட நாள்

காற்றில்லை, வாளியும் இறக்கவில்லை. ஆனாலும் சண்டிலிப்பாயில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் மெல்ல ஏறி இறங்கியது. பள்ளியில் படித்ததுபோல, எங்கோ பூமி அதிர்ந்த அலை பாறை வழியாக இங்கே வந்துவிட்டது என்று சட்டெனத் தோன்றியது.

"அண்ணை, பூமியதிர்ச்சி!"

"போடி விசரி, ஆமி அடிச்ச செல் எங்கையாவது விழுந்து வெடிச்சிருக்கும்."

"செல்லுக்குத் தண்ணி நடுங்கும். உது மூச்சு விடுது, வந்து பாருங்கோவன்!"

அவர் வரவில்லை. போரால் மின்சாரம் இல்லாததால் பின்னேரம் சைக்கிளைக் கவிழ்த்து அண்ணை பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி கதைத்தது. கிழக்கே தூரத் தீவொன்றில் நிலநடுக்கம். நேரமும் பொருந்தியது.

"நான் சொன்னனான் எல்லே!" என்று துள்ளினேன்.

செய்தி முடியவில்லை. இடிந்த வீடுகளுக்கு அடியிலிருந்து இன்னும் ஆட்களின் குரல் கேட்கிறதாம். அண்ணையின் கை நின்றது, வானொலியும் நின்றது.

"உதுக்கே துள்ளுறாய்?"

கிணற்றடியில் நான் அதிசயித்து நின்ற அதே நேரத்தில்தான் அங்கே கூரைகள் விழுந்திருக்கின்றன. குண்டு விழுந்த வீட்டில் கல்லைப் புரட்டி ஆள் தேடிய ஊர் எங்களுடையது. எனக்கே அது உறைக்கவில்லை.

தண்ணீர் ஏறி இறங்கினால் தெரியும்படி, தக்கையில் ஈர்க்குக் குத்திக் கிணற்றில் மிதக்கவிடப் போகிறேன். அது அசைந்தால் கத்த மாட்டேன். சைக்கிளைக் கவிழ்த்து, பெடலை நானே சுற்றி, செய்தியை முடிவுவரை கேட்பேன்.