ஏழாம் எண்ணுக்கு எதிரே ஒரு டிக்

நாகலட்சுமி எட்டாவது வரைதான் படித்தவள். ஆனாலும் அவள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்துத் திரும்ப வாங்குவது லேசான காரியமில்லை. மேலிருந்து கீழ்வரை படிப்பாள். புரட்டிப் பின்பக்கம் பார்ப்பாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏதாவது அழித்து எழுதியிருக்கிறதா என்றும் பார்த்த பிறகுதான் கீழே வைப்பாள். கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு நாற்பது வருஷம் ரவிக்கை தைத்த கை அது. கால் இஞ்சு பிசகினால் ஒருத்தியின் தீபாவளியே கெட்டுப்போகும் என்று அறிந்த கை.

கல்யாணமாகி இரண்டாம் வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்தான். கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் பியூனாக இருந்த அப்பாவிடமே திரும்பி வந்தாள். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது, ஏழு வயது இளைய தங்கை அனுராதா காலேஜில் இருந்தாள். தையல் மிஷின்தான் அவளை எம்.எஸ்ஸி., பி.எட். என்று ஏற்றிவிட்டது. "என் தங்கச்சி கணக்கு டீச்சர்" என்று காய்கறிக்காரனிடம்கூட வாரம் ஒருமுறை சொல்லிவிடுவாள். அவனும் அலுக்காமல், "ஜானி தீதி, ஜானி," தெரியும் அக்கா தெரியும் என்பான்.

அந்த அனுராதா வருகிற ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி ரிடையர் ஆகிறாள். காளிகாட்டில், அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ். வேலையில் சேர்ந்த நாள், நியமனத்தை உறுதி செய்த உத்தரவின் எண், மஞ்சள் காமாலையில் படுத்த நாற்பத்தொரு நாள் லீவு எந்தக் கடிதத்தில் அனுமதியானது, எல்லாம் நாகலட்சுமிக்குத் தலைகீழ்ப் பாடம். பள்ளியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறதோ இல்லையோ, லேக் கார்டன்ஸ் வாடகை வீட்டின் இரும்பு பீரோவில் ஒவ்வொன்றும் உறை போட்டு இருந்தது.

பென்ஷன் விண்ணப்பத்தோடு வைக்க வேண்டியவை என்று மார்ச் மாதம் பள்ளியில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். மொத்தம் பதினான்கு எண்கள். சனிக்கிழமை சாயங்காலங்களில் அக்காவும் தங்கையும் அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஐந்தாம் எண்ணில், தனக்குப் பின் பணம் யாருக்குச் சேரவேண்டும் என்று கேட்டிருந்தது. 'நாகலட்சுமி, அக்கா' என்று அனுராதா எழுதினாள். அந்த இரண்டு சொற்களை நாகலட்சுமி இரண்டு முறை படித்தாள். ஏழாம் எண், கணவன் மனைவி சேர்ந்து எடுத்த புகைப்படம் மூன்று பிரதி.

"ஏழு நமக்கு இல்லக்கா," என்று சிரித்தாள் அனுராதா.

நாகலட்சுமி பென்சிலைச் சீவி, எதிரே 'பொருந்தாது' என்று எழுதினாள்.

பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் எல்லாம் மாறிப்போனது. சனிக்கிழமைகளில் அனுராதாவுக்கு வேறு வேலை வந்தது. பட்டியல் அவள் கைப்பைக்குப் போனது. கேட்டால், "நான் பாத்துக்கறேன்க்கா, நீ ஏன் கண்ணைக் கெடுத்துக்கற?" என்றாள். முப்பத்திரண்டு வருஷமாகக் கெடாத கண் இப்போது மட்டும் எதற்குக் கெடும்? நாகலட்சுமி கவனித்தாள். விடியற்காலையில் லேக்கைச் சுற்றி நடக்கப் போகிறவள், முன்பெல்லாம் முக்கால் மணியில் வந்துவிடுவாள். இப்போது ஒன்றே கால் மணி ஆகிறது. அதே லேக்தானே?

ஒரு ஞாயிறு, அனுராதா குளிக்கப் போன நேரத்தில் நாகலட்சுமி கைப்பையைத் திறந்தாள். வாழ்நாளில் முதல் தடவை. ஏழாம் எண்ணுக்கு எதிரே அவளுடைய பென்சில் எழுத்து இல்லை. அழித்த இடம் கொஞ்சம் அழுக்காக இருந்தது. அதன்மேல் நீல மையில் ஒரு டிக்.

பட்டியலை மடித்து இருந்த இடத்தில் வைத்தாள். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஏழில் டிக் விழுந்தால் ஐந்தாம் எண்ணில் யார் பெயர் இருக்கும்? பெயர் கிடக்கட்டும். அறுபதில் தங்கை எழுந்து இன்னொரு வீட்டுக்குப் போனால், அறுபத்தேழில் அக்கா எங்கே போவாள்? அதற்கும் மேலே ஒரு கேள்வி முள்ளாகக் குத்தியது. என்னிடம் ஏன் சொல்லவில்லை?

மறுநாள் அனுராதா மூன்றாவது பீரியடில் இருக்கும் நேரமாகப் பார்த்து நாகலட்சுமி பள்ளி ஆபீசுக்குப் போனாள். காமாலை லீவுக் கடிதத்தின் ஜெராக்ஸ் கையில் ஒரு சாக்காக இருந்தது. பெரிய கிளார்க் ஹால்தார் பாபு அவளைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் வங்காளியில் பேச, இவள் தன் லேக் மார்க்கெட் வங்காளியில் பதில் சொன்னாள்.

"வாங்க தீதி, வாங்க! வெறுங்கையோட வந்திருக்கீங்களே, சந்தேஷ் ஸ்வீட் எங்கே? வீட்ல நல்ல காரியம்னா எங்களுக்கு ஒரு பொட்டலம் இல்லையா?"

நாகலட்சுமி ஜெராக்ஸை நிதானமாக மேஜைமேல் வைத்தாள். தங்கையின் விசேஷத்தை ஒரு கிளார்க் வாயிலிருந்து தெரிந்துகொண்டேன் என்று காட்டிக்கொள்ள அவள் பிறக்கவில்லை.

"எல்லாம் நல்லபடியா முடியட்டும். பெட்டியாவே வரும்," என்றாள். "பேப்பர் எந்த அளவுல இருக்கு?"

"எல்லாம் ரெடி. பதினெட்டாம் தேதி ரெஜிஸ்ட்ரேஷன்னு அனுராதா தீதி சொன்னாங்க. சர்டிபிகேட் வந்த மறுநாளே பேப்பர் கட்டை ஜில்லா இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு அனுப்பிடுவேன். மாப்பிள்ளை போட்டோல ஜோரா இருக்கார்!"

கட்டைப் பிரித்து அவரே காட்டினார். தான் தைத்த ரவிக்கையோடு பச்சை டாங்காயில் கைத்தறிச் சேலையில் அனுராதா. பக்கத்தில் முன்வழுக்கையும் கறுப்புக் கண்ணாடிச் சட்டமுமாக ஒருவர். அனுராதா சிரித்திருந்தாள். பள்ளி குரூப் போட்டோவில்கூடச் சிரிக்காதவள்.

நாகலட்சுமி படத்தைக் கையில் வாங்கி, கட்டைவிரலால் விளிம்பை அளந்தாள். "படிவத்துல என்ன அளவு போட்டிருக்கு பாபு?"

ஹால்தார் பாபு புரட்டிப் பார்த்துச் சொன்னார்.

"இது கால் இஞ்சு குறையுது. மேலே போய்த் திரும்பி வந்தா யாருக்கு அலைச்சல்? ஸ்டூடியோக்காரனைக் கேக்கறேன். ஒரு பிரதி என்கிட்ட இருக்கட்டும்."

ஹால்தார் பாபு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். குறைந்துதான் இருந்தது. "உங்களை இந்த ஆபீஸ்ல வச்சிருந்தா நான் என்னிக்கோ வீட்டுக்குப் போயிருப்பேன் தீதி," என்றார்.

படத்தின் பின்னால் பெயரும் விலாசமும் எழுதியிருந்தது. குருமூர்த்தி, நியூ டவுன், ஏதோ டவர், பதினொன்றாம் மாடி.

வீட்டுக்குப் போகவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து, இரண்டரை மணிக்கு அந்தக் கட்டடத்தின் கேட்டில் நின்றாள். செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடுமுன் முந்தின இரண்டு பக்கத்தையும் புரட்டினாள். அந்த வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்று பார்க்கத்தான். காஸ்காரன், கூரியர், மறுபடி கூரியர். சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அதுவே சந்தேகமாக இருந்தது.

கதவைத் திறந்தது குருமூர்த்தியின் மருமகள் மேக்னா. கழுத்தில் ஹெட்போன், உள்ளே மேஜைமேல் லேப்டாப். மாமனார் பாங்குக்குப் போயிருக்கிறார், புருஷன் தீபக் ஆபீசில் இருக்கிறான் என்றாள். யார் என்று நாகலட்சுமி சொன்னதும் அவள் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்து எதிரே உட்கார்ந்தாள். அவள் தமிழ் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்.

"நீங்க வந்தது நல்லதாச்சு ஆன்ட்டி. நானே யாரைக் கேக்கறதுன்னு யோசிச்சிட்டு இருந்தேன். ஓப்பனா பேசலாமா?"

"பேசு."

"தப்பா எடுத்துக்காதீங்க. லாஸ்ட் இயர் வரைக்கும் நாங்க லேக் கார்டன்ஸ்லதான் இருந்தோம். இங்க ஷிப்ட் ஆனப்புறமும் அப்பா டெய்லி காலையில ரெண்டு பஸ் மாறி லேக்குக்கு நடக்கப் போறார். இங்க எவ்ளோ பெரிய பார்க் இருக்கு! நடக்கிறதுக்கு யாராவது பஸ்ல போவாங்களா? அப்பவே எனக்கு டவுட். தீபக்கோட அம்மா இறந்தப்புறம் தனியா இருந்தவர், இப்போ கேட்டா மேரேஜ்ங்கறார். உங்க சிஸ்டருக்குச் சொந்த வீடு இல்லையாமே? ரிடையர் ஆகற டைம் பார்த்து… இந்த ஃப்ளாட் அப்பா பேர்லயும் இருக்கு, ஜாயின்ட்டா. தீபக் ரொம்ப வொரி பண்றான்."

நாகலட்சுமி டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். இந்த வீட்டுக்காரர் தன் தங்கையின் பென்ஷனுக்கு வலை போடுகிறார் என்று நிரூபிக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். பஸ்ஸில் வரும்போதே நாலு கேள்வியைத் தீட்டி வைத்திருந்தாள். அத்தனையும் மறந்துபோயிற்று.

"என்னம்மா சொல்ற? என் தங்கச்சி உன் பதினோராம் மாடிக்கு ஆசைப்பட்டு வர்றாளா? எம்.எஸ்ஸி. கணக்கு! முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு நாள் லேட் கிடையாது. அவகிட்டப் படிச்ச பொண்ணுங்க டாக்டரா இருக்கு. மாசம் பொறந்தா பென்ஷன் அவ பேர்ல தானா வந்து விழும். உன் மாமனாருக்கு மாசம் என்ன வருது?"

"பெரிசா ஒண்ணும் வராது ஆன்ட்டி. டீ கம்பெனியில அக்கவுன்ட்ஸ்ல இருந்தார். அதை மூடிட்டாங்க."

"அப்போ யாரைப் பாத்து யார் பயப்படணும்? நீயே சொல்லு!"

மேக்னா அவளையே பார்த்தாள். மெல்லச் சிரிப்பு வந்தது அவளுக்கு. "ஓ. நீங்களும் இதைக் கேக்கத்தான் வந்தீங்களா?"

நாகலட்சுமி பிஸ்கட்டை டீயில் நனைத்தாள். அது உடைந்து கோப்பைக்குள் விழுந்தது.

லிப்ட் கீழே இறங்கும்போதுதான் உறைத்தது. தடுக்க வந்தவள், தங்கை கட்சிக்கு வக்காலத்து வாங்கிவிட்டுப் போகிறாள். அந்தப் பெண் வேண்டுமென்றே அப்படிப் பேசித் தன் வாயைக் கிளறினாளோ? அப்படியும் இருக்கலாம். ஆனால் ரெண்டு பஸ் மாறி நடக்க வருகிறவன்? காசுக்கு அலைகிறவன் தினமும் அத்தனை பஸ் டிக்கெட் எடுப்பானா? எடுத்தாலும் எடுப்பான், முதல் போடாமல் லாபம் ஏது? வழி நெடுக மனசு தராசு முள்ளாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

அனுராதா வீட்டில் காத்திருந்தாள். ஹால்தார் பாபு அவளிடம் அக்கா வந்ததைச் சொல்லியிருந்தார். மேக்னாவும் போன் செய்திருந்தாளாம்.

"நியூ டவுன் வரைக்கும் போனியா? அந்த முட்டியை வச்சுக்கிட்டா?"

"முட்டி கிடக்கட்டும். கிளார்க்குக்குத் தெரியுது, மருமகளுக்குத் தெரியுது. தையக்காரிக்கு எதுக்குத் தெரியணும்னு விட்டுட்டியா?"

அனுராதாவின் முகம் சுருங்கியது. "அப்படிப் பேசாதக்கா. சொல்லணும்னு பத்துத் தடவை வாயெடுத்தேன். நீ விசாரிப்பே. விசாரிச்சா எதுலதான் ஓட்டை இல்லை? நீ வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்னால மீற முடியாது. இத்தனை வருஷத்துல மீறினதில்லையே! அதான் கையெழுத்து முடிஞ்சதும் சொல்லலாம்னு…"

"முடிஞ்சதும் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருப்பே."

"எங்க போறேன்? அவர்தான் இங்க வர்றார். அந்த வீட்ல அவருக்கு ஹால்லதான் கட்டில். அக்காவை விட்டு நகரமாட்டேன்னு மொத நாளே சொல்லிட்டேன். 'அப்போ அக்காகிட்ட நான்தான் இடம் கேக்கணும்'னார். ஆனா நேர்ல வர பயம்."

"என்ன பயம்? மடியில கனமில்லேன்னா வழியில என்ன பயம்?"

"உன்னைப் பத்தி நான் சொல்லி வச்சிருக்கேனே. அதுவே போதாதா?"

நாகலட்சுமிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. விடவில்லை. "அஞ்சாம் எண்?" என்றாள் சட்டென்று. கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது.

அனுராதா பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "குடும்பப் பென்ஷன் புருஷன் பேருக்குத்தான் போகும், அதை நான் மாத்த முடியாது. வேற எதெல்லாம் என் இஷ்டத்துக்கு விட்டிருக்கோ, அதுல எல்லாம் உன் பேர்தான். அவரும் அதைத்தான் சொன்னார். நம்பாட்டி நீயே படிச்சுப் பாரு."

நாகலட்சுமி படித்தாள். புரட்டிப் பின்பக்கம் பார்த்தாள். ஜன்னலுக்கு எடுத்துப் போய்த் தூக்கிப் பிடித்தாள்.

"ரெஜிஸ்ட்ரேஷன்ல சாட்சிக் கையெழுத்துக்கு யாரை வச்சிருக்கே?"

"ரெண்டு டீச்சருங்க. மூணாவது ஆள் வேணும்."

"மூணாவது நான். ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஆளோட முதல் சம்சாரம் இறந்த சர்டிபிகேட்டை நான் பாக்கணும். ஜெராக்ஸ் இல்ல, ஒரிஜினல். நாளைக்குக் காலையில இங்க வரணும். லேக்குக்கு வர்றவருக்கு இது எவ்ளோ தூரம்? இப்பவே போன் போடு."

அனுராதா போனை எடுத்தாள். அக்காவின் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் ஆண் குரல் கேட்டது. அவள் விஷயத்தைச் சொன்னாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கொண்டு வர்றேன்னு சொல்லு" என்றது குரல்.

நாகலட்சுமி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "உடனே சொல்லாம எதுக்கு யோசிக்கிறார்?"

"யோசிக்கலக்கா. மருந்துக் கடையில கூட்டத்துல நிக்கிறாராம்."

"மருந்துக் கடையிலா?" நாகலட்சுமி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "யாருக்கு மருந்து? என்ன மருந்துன்னு கேளு."