வலி பேட்ச்சும் வெந்நீர்ப் பையும்

போன வருடம் கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று. பெங்களூரு தொம்மலூரில், பழைய ஊருக்குள் இருக்கும் எங்கள் வாடகை வீட்டில் நடந்தது இது. எழுத உட்காரவே எனக்கு இத்தனை மாதம் பிடித்தது. காரணம் வேறொன்றுமில்லை, வெட்கம்தான்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். மருந்து பேட்ச் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியின் ஆய்வகத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மாத்திரையாக விழுங்காமல், ஊசியாகக் குத்திக்கொள்ளாமல், பிளாஸ்திரி போலத் தோலில் ஒட்டிக்கொண்டால் மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் இறங்கும் பாருங்கள், அந்தச் சமாச்சாரம். மணிக்கு எவ்வளவு மருந்து தோலைத் தாண்டுகிறது என்று அளப்பதுதான் என் வேலை. கல்யாண வீட்டில் யாராவது தெரியாத்தனமாக "என்ன வேலை பாக்கறே?" என்று கேட்டுவிட்டால் அவர் சாப்பாடு ஆறிப்போகும்வரை விடமாட்டேன். அவ்வளவு பெருமை எனக்கு.

என் அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். வேலூர் பக்கத்தில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியபோது சிகிச்சைக்காக எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். அவளுடைய வலியை விவரிக்க எனக்குத் தெரியவில்லை. மாத்திரைகள் வயிற்றில் நிற்கவில்லை என்றதும் டாக்டர் வலி பேட்ச் எழுதிக் கொடுத்தார். மார்ஃபின் இனத்தைச் சேர்ந்த, அதைவிடப் பல மடங்கு வீரியமான மருந்து. மூன்று நாளைக்கு ஒன்று ஒட்ட வேண்டும். எங்கள் கம்பெனிச் சரக்கு இல்லை, ஆனால் வேலை செய்யும் விதம் ஒன்றுதான். அந்த வாரம் புதன்கிழமைதான் அளவைக் கூட்டியிருந்தார். வலது தோள்பட்டைக்குக் கீழே, முதுகில் நானே ஒட்டிவிட்டேன்.

அக்கா பல நாளாக ஒன்றே ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஒரு வெள்ளிக்கிழமையாவது எண்ணெ தேச்சு ஊத்துடி. தலையெல்லாம் எரியுது." கீமோவுக்குப் பிறகு முளைத்திருந்த குட்டை முடியைத் தடவித் தடவிக் கேட்பாள். கையைத் தூக்க முடியாதவள், தானே குளித்துக்கொள்ளவும் முடியாது. என் கணவர் ஆபீஸ் வேலையாக வெளியூர் போயிருந்தார். எனக்கு அன்றைக்கு வீட்டிலிருந்தே வேலை. சரி, இன்றைக்கு ஊற்றிவிடுவோம் என்று நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சினேன்.

நான் எவ்வளவு ஜாக்கிரதைக்காரி என்று கேளுங்கள். எண்ணெய் பட்டால் பேட்ச்சின் பசை விட்டுவிடும், மருந்து வீணாகும் என்று கவலைப்பட்டேன். அதனால் சமையலறையில் இருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கத்தரித்து, பேட்ச்சின் மேல் மூடி, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். "பாத்தியா, தொழில்காரி கையி" என்று அக்காவிடம் அலட்டிக்கொள்ளவும் செய்தேன். அவள் சிரித்தாள்.

ஸ்டூலில் உட்காரவைத்து, தலையிலிருந்து முதுகு வரை சூடு பறக்க எண்ணெய் தேய்த்தேன். அரை மணி ஊறவைத்தேன். அப்புறம் வெந்நீர். அந்த மாதத்துப் பெங்களூரு குளிருக்கு இதமாக, நன்றாகவே சூடாக, நிதானமாக ஊற்றினேன். "இன்னும் கொஞ்சம் சூடா, இன்னும் கொஞ்சம்" என்றாள். ஊற்றினேன். குளித்து முடித்தும் அவளுக்கு நடுக்கம் நிற்கவில்லை. படுக்கவைத்து, முதுகுக்கு அண்டையாக ரப்பர் வெந்நீர்ப் பையை வைத்து, கம்பளியால் போர்த்தினேன். ரசஞ்சாதம் நாலு வாய் சாப்பிட்டவள் அப்படியே கண்ணயர்ந்தாள். மணி பத்தரை இருக்கும்.

பல வாரங்களுக்குப் பிறகு அவள் முனகாமல் தூங்குவதைப் பார்க்கிறேன். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் கேட்டது. தொண்டையில் ஏதோ கொழகொழவென்று உருள்வது போன்ற குறட்டை. அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன். அது நிம்மதியான தூக்கத்தின் சத்தம் இல்லை, மூச்சு அடைபடுகிற சத்தம். நானோ கதவைச் சாத்திவிட்டு, ஹாலில் லேப்டாப் முன்னால் மீட்டிங்கில் உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் வீட்டுவேலை செய்யும் பெண் வந்தாள். இரண்டு தெரு தள்ளி இருப்பவள், அவர்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தொம்மலூர்தான். தமிழும் கன்னடமும் அவள் வாயில் கலந்தே வரும். குளியலறையில் எண்ணெய்ப் பிசுக்கைப் பார்த்தவள் என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மாக்கு எண்ணெ வெச்சீங்களா மேடம்? இப்ப தூங்குறாங்களா?"

தலையாட்டினேன்.

"அய்யோ, எண்ணெ தேச்சுக் குளிச்ச அன்னிக்குப் பகல்ல தூங்கக் கூடாது மேடம். எழுப்பிடுங்க."

எனக்குச் சுரீரென்று வந்தது. மைக்கை அணைத்துவிட்டு, "அதெல்லாம் மூடநம்பிக்கை. பாவம், இன்னிக்குத்தான் தூங்குறாங்க. நீ பாத்திரத்தப் பாரு" என்றேன். குரலில் காரம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்திருக்கும். எண்ணெய்க் குளியல் எடுத்தால் தூக்கம் வருவது சகஜம்தானே, அதில் என்ன இருக்கிறது என்று என் புத்தி சொன்னது.

அவள் என் பேச்சைக் கேட்டிருந்தால் என் அக்கா இன்றைக்கு இல்லை. நல்லவேளை, கேட்கவில்லை. நான் மறுபடி மீட்டிங்கில் மூழ்கியதும் மெல்லக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போயிருக்கிறாள்.

"மேடம்! பேகா வாங்க! பேகா!"

கன்னடத்தில் 'சீக்கிரம்' என்ற அந்த ஒரு சொல் அவ்வளவு பயங்கரமாக என் காதில் விழுந்ததே இல்லை. ஓடினேன். குறட்டை நின்றுபோயிருந்தது. அக்காவின் உதடு நாவல்பழம் தின்றவள் உதடு மாதிரி இருந்தது. நகக்கண்ணும் அதே நிறம். தோளை உலுக்கினேன், கன்னத்தில் தட்டினேன், கிள்ளினேன். அசைவே இல்லை. இமையைத் தூக்கிப் பார்த்தேன். கண்ணின் பாவை கடுகு அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தேன். மனசுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு வரை எண்ணியும் வரவில்லை.

அவளைப் புரட்டி முதுகுக்கு அடியில் கை விட்டேன். என் விரலைச் சுட்டது வெந்நீர்ப் பை.

அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. ஆய்வகத்தில் பேட்ச்சைச் சோதிக்கும்போது அடியில் உள்ள தண்ணீரை முப்பத்திரண்டு டிகிரியில் நிறுத்திவைப்போம், தோலின் சூடு அவ்வளவுதான் என்பதால். இரண்டு டிகிரி ஏறிவிட்டால் மருந்து வேகமாகப் பாய்ந்துவிடும், அன்றைய சோதனையே குப்பை. அதற்காக ஜூனியர் பிள்ளைகளை நான் திட்டாத திட்டு இல்லை. அப்படிப்பட்டவள் காய்ச்சிய எண்ணெய், நல்ல சூட்டில் வெந்நீர், ஆவி கூடப் போகாதபடி பிளாஸ்டிக் மூடி, அதற்கும் மேல் வெந்நீர்ப் பை என்று ஒன்று விடாமல் செய்திருக்கிறேன். மூன்று நாளில் இறங்க வேண்டிய மருந்தை என் கையாலேயே ஒரே காலைப் பொழுதில் அவளுக்குள் அடைத்திருக்கிறேன். அக்காவைக் கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

முதுகின் எண்ணெய்ப் பிசுக்கில் டேப் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பிய்த்தேன். பேட்ச்சை உரித்து, மடித்து, அந்தப் பிளாஸ்டிக்கிலேயே சுருட்டினேன். முதுகைக் குளிர்ந்த தண்ணீரால் துடைத்தேன். ஆனால் அதை எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று இல்லை, தோலுக்கு அடியில் தேங்கிய மருந்து இன்னும் பல மணி நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும். இதுவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்ததுதான் பயத்தை இரட்டிப்பாக்கியது.

வேலைக்காரப் பெண் அக்காவின் உள்ளங்காலில் பளார் பளாரென்று அடித்துக்கொண்டு, காதருகில் கத்தினாள். "டீச்சரம்மா, மூச்சு எடுங்க! எடுங்க!" அதிசயம், அக்கா ஒரு மூச்சு எடுத்தாள். கத்தினால் எடுத்தாள், விட்டால் மறந்துபோனாள்.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன், வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். வந்தாலும் எங்கள் சந்துக்குள் நுழையாது. அந்தப் பெண் முனைக்கு ஓடி ஓர் ஆட்டோக்காரரைக் கையோடு இழுத்து வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து, மூவருமாகத் தூக்கிப்போனோம். ஆட்டோவில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் அவள், நடுவில் தலை தொங்கிக்கொண்டு அக்கா. பிரதான சாலைக்கு ஏறியதும் சிக்னல். முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள். நான் அழ ஆரம்பித்துவிட்டேன்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். "மேடம், நீங்க மூச்ச மட்டும் பாருங்க. ரோட்ட நான் பாத்துக்கறேன்." நடைபாதையில் ஒரு சக்கரத்தை ஏற்றினார். கன்னடத்திலும் உருதுவிலும் கத்திக்கொண்டே வழி வாங்கினார். நான் எண்ணினேன். ஏழு, எட்டு, ஒன்பது. "எடு அக்கா!" ஒன்று வரும். மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. என் வாழ்க்கையில் அளந்த அளவுகளிலேயே கொடூரமானது அதுதான்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஓர் இளம் பெண் டாக்டர். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். சுருட்டிவைத்திருந்த பேட்ச்சை நீட்டினேன்.

"இதுமேல ஏதாவது சூடு பட்டுச்சா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை, பேட்ச்சின் மருந்தை முறிக்கும் மாற்று மருந்தை ஊசியில் ஏற்றினார்.

அந்த இரண்டு மூன்று நிமிஷம் எத்தனை நீளம் என்று எனக்குத்தான் தெரியும். திடீரென்று அக்கா நெஞ்சு விம்ம மூச்சிழுத்தாள். கண்ணைத் திறந்தாள். உடனே வீறிட்டாள். மாற்று ஊசி மயக்கத்தை மட்டும் முறிக்காது, அந்த மருந்தின் வலி அடக்கும் சக்தியையும் சேர்த்து முறித்துவிடும். அடக்கி வைத்திருந்த வலி மொத்தமும் ஒரே அடியில் அவள்மேல் விழுந்தது. "அம்மா, அம்மா" என்று துடித்தாள். நான் அந்தக் கத்தலைக் கேட்டு, கையெடுத்துக் கும்பிட்டபடி, சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தேன். அவள் துடிப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பாவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பயம் அத்தோடு விடவில்லை. ஊசியின் வீரியம் சீக்கிரம் குறையும், உள்ளே இருக்கும் மருந்து குறையாது, மறுபடி மயங்கலாம் என்று டாக்டர் எச்சரித்தார். அதேபோல ஐந்து மணிக்கு அக்காவின் தலை சாய்ந்தது, மூச்சு மறுபடி பின்வாங்கியது. மறுபடி ஊசி, அப்புறம் சொட்டுச் சொட்டாக அதே மருந்து. மறுநாள் மதியம்தான் ஆபத்து தாண்டியது என்றார்கள். இடையில் டாக்டர் சாதாரணமாக, "நீங்க எங்க வேல பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"கம்ப்யூட்டர் லைன்ல" என்றேன். பதினோரு வருடப் பெருமை வாயை விட்டு வெளியே வரவில்லை.

அக்காவிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. நடந்ததை முழுசாகச் சொல்லி, அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சூடா ஊத்து, சூடா ஊத்துன்னு கேட்டவ நான்தானேடி. விடு. ஆனா ஒண்ணு, தூக்கம் பிரமாதம்" என்றாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டும் செய்தேன்.

வேலைக்காரப் பெண்ணிடம், எப்படித் தோன்றிற்று உனக்கு என்று கேட்டேன். "எனக்கு என்ன மேடம் தெரியும்? எண்ணெ வெச்சா தூங்கக் கூடாதும்பாங்க. நீங்க திட்டுவீங்கன்னு தெரியும். பரவால்லன்னு போய்ப் பாத்தேன்" என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவள்தான் கூச்சப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து அந்தப் பேட்ச் பெட்டிக்குள் இருந்த காகிதத்தைப் பிரித்துப் படித்தேன். சூடு படக் கூடாது என்று பொடி எழுத்தில் இருக்கத்தான் செய்தது. மின்சாரப் போர்வை வேண்டாம், நீராவி அறை வேண்டாம், வெந்நீர்த் தொட்டி வேண்டாம் என்று வரிசையாக எங்கோ குளிர்தேசத்து வீட்டுக்கு எழுதியதுபோல இருந்தது. எங்கள் கம்பெனியின் காகிதத்திலும் அதே வரிகள்தான். அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அடுத்த மீட்டிங்கில், எண்ணெய்க் குளியல், வெந்நீர் ஒத்தடம், வெயிலில் முதுகு காய்வது எல்லாவற்றையும் தமிழிலும் கன்னடத்திலும் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்றேன். மேலதிகாரி லேசாகச் சிரித்தார். பேட்ச்சை ஒட்டிக்கொண்டு யார் அப்படியெல்லாம் செய்வார்கள் என்று கேட்டார்.

"நான் செஞ்சேன் சார்" என்றேன். அந்த வரிகள் இப்போது எங்கள் காகிதத்தில் இருக்கின்றன.

அக்கா இன்னும் எங்களோடுதான் இருக்கிறாள், பேட்ச்சும் அவள் முதுகில்தான் இருக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் குளிப்பாட்டினால், "இது குளியலா, பாத்திரம் கழுவுறியா?" என்று வம்புக்கு இழுக்கிறாள். பகலில் அவள் கண்ணயரும்போதெல்லாம் நான் கதவருகில் போய் நின்று, கம்பளி ஒரு தடவை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் திரும்புகிறேன். தலையில் பதினோரு வருடமாக இருந்த படிப்பு என் கைக்கு வந்துசேர, அக்காவின் உயிர் அன்றைக்கு அந்த ஆட்டோவில் என் பக்கத்தில் ஊசலாட வேண்டியிருந்தது.