கருவி எண் பதினான்கு

தெப்ரா என்னும் ஊரில் பழைய டயரை அரைத்து மறுபடி ரப்பராக்கும் தொழிற்சாலை ஒன்றில், செல்வராணிக்கு வேலை மோப்பம் பிடிப்பது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே அதுதான் வேலை. பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து புகார் வரும்போதெல்லாம் நிர்வாகம் அவள் மூக்கைத்தான் சாட்சிக்கு அழைக்கும். தினமும் காலையில் வேலியோரம் ஒரு சுற்று வந்து, ‘நாற்றம் உண்டு’, ‘இல்லை’ என்று தாளில் குறிப்பாள். பதினெட்டு வருடத்தில் ‘இல்லை’ என்று எழுத அவளுக்கு வாய்ப்பே கிடைத்ததில்லை.

பிறகு குளிர் பிளாஸ்மா இயந்திரம் வந்தது. புகையை எரிக்கவே வேண்டாம், குழாய்க்குள் உயர் மின்னழுத்தம் கொடுத்தால் எலக்ட்ரான்கள் பாய்ந்து நாற்றத்தை மூலக்கூறு மூலக்கூறாக உடைத்துவிடும் என்று பொறியாளர் ரூபேந்திரன் விளக்கினான். முதலாளி காசிவிஸ்வநாதனுக்குப் புரிந்தது ஒன்றுதான்: நாற்றம் போனால் மூக்கு எதற்கு? மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். ஓய்வுக்கு இன்னும் நான்கு வருடம் இருந்தது.

இயந்திரம் ஓடிய முதல் நாளே டயர் நாற்றம் துளியும் இல்லை. ஆனால் இடி விழுந்த இடத்தில் வருமே, அந்த வாடை மூக்கில் குத்தியது. ‘உண்டு’ என்று எழுதினாள். வேலையைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

முதலாளி அவள் கண்ணைக் கட்டிச் சோதனை வைத்தார். பெலாச்சான் என்கிற இறால் விழுது, மைலோ பானம், ரூபேந்திரனின் காலுறை, எல்லாவற்றையும் சரியாகச் சொன்னாள். அதோடு நிறுத்தவில்லை.

"பாஸ், காலைல காருக்குள்ள டுரியான் பழம் சாப்பிட்டீங்க. டாக்டர் வேணாம்னு சொன்னாருல்ல?"

அதற்குமேல் யாரும் சந்தேகப்படவில்லை. ரூபேந்திரன் ஓடிப்போய்ப் பார்த்தான். பிளாஸ்மாவில் உண்டாகும் ஓசோனை அழிக்கிற வடிகட்டி, மாட்டப்படாமல் பெட்டியிலேயே கிடந்தது. மாட்டியதும் வாடை நின்றது. செல்வராணி வாழ்க்கையில் முதல்முறையாக ‘இல்லை’ என்று எழுதினாள்.

இப்போது முதலாளிக்கு அவளை விட மனமில்லை. ஆனால் அவளுடைய பணியிடத்தை ஏற்கெனவே நீக்கியாகிவிட்டது. கருவிகள் பட்டியலில்தான் இடம் இருந்தது. ஆகவே கருவி எண் பதினான்கு, செல்வராணி. அடையாள அட்டையில் ‘சோதிக்கப்பட்டது, அடுத்த சோதனை மார்ச்’ என்று ஸ்டிக்கரும் ஒட்டினார்கள். கருவிக்கு ஓய்வு வயதே கிடையாது என்று முதலாளி பெருமையாகச் சொன்னார்.

"சரி பாஸ், நான் மெஷினாவே இருந்துட்டுப் போறேன். ஆனா மெஷினை வருசத்துக்கு ஒரு வாரம் நிப்பாட்டி சர்வீஸ் பாக்கறீங்க. என்னை என்னைக்காவது நிப்பாட்டுனீங்களா?"

காசிவிஸ்வநாதன் சர்வீஸ் அட்டவணையை எடுத்து, கருவி எண் பதினான்குக்கு நேரே ‘ஒரு வாரம்’ என்று எழுதினார். அடுத்த வாரம் முழுக்க செல்வராணி காலை பத்து மணி வரை தூங்கினாள்.